சிவப்புக் குமிழும் தாய்மாமன் மடியும்

ஊமத்தம்பாளையத்து ஆட்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் சொல்லிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை இருந்தது. சீரில் வந்த வெள்ளிக் கிண்ணத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதைப் போல, எடுத்தால் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

அந்த ஊரில் எல்லாரையும்விடப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தவன் ஆறுச்சாமி. முப்பத்தாறு வயது. தாழைக்கொம்பை மலையூரில் வாக்கப்பட்ட அக்கா பாவாத்தாளுக்கு ஒரே தம்பி. அதாவது, அவள் பெற்ற இரண்டு பெண்களுக்கும் ஒரே தாய்மாமன். மூத்தவளுக்குக் காது குத்தியபோது மாமன் மடி வேண்டுமே என்று ஊரே காத்திருந்தது. இவன் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமன் மடிக்குப் பதில் மடியாக உட்கார்ந்தவன், அக்காவுக்குச் சித்தி மகன், அதே மலையூரில் பெண் எடுத்துக் குடியிருக்கும் சடையப்பன். அவனுடைய மடி அகலமானது. தாராளமாக இரண்டு இலை போடலாம். அந்தக் குழந்தை இன்றைக்கும் சடையப்பனைக் கண்டால் "மாமா" என்று ஓடுகிறது. ஆறுச்சாமியைக் கண்டால் "யாரும்மா இது?" என்று கேட்கிறது.

இப்போது இளையவள் மகிழினிக்குக் காதுகுத்து. அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், பதினொன்றரைக்கு மேல பன்னண்டரைக்குள்ள முகூர்த்தம். அதுக்குள்ள உன்ற மடி இங்க இருக்கோணும். இல்லீனா சடையப்பன் மடிதான். அப்புறமேட்டுக்கு மாமன், மச்சான்னு சொல்லிக்கிட்டு இந்த வாசப்படி மிதிக்காதே."

ஆறுச்சாமிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. போன தடவை ஏன் தாமதமானது என்று தன் கூட்டாளிகள் மூவரோடும் உட்கார்ந்து ஆராய்ந்தான். பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது, சரியான நேரத்துக்குப் போனது. அந்த நேரத்தில் ஆறுச்சாமி வீட்டில் தலை சீவிக்கொண்டிருந்தான். ஆகவே குற்றம் பேருந்தின் மேல் என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். நமக்காக நிற்கிற வண்டி நமக்கு வேண்டும்.

அப்படித்தான் நாலு சக்கரமும் சேர்ந்திழுக்கிற அந்தப் பழைய ஜீப் வண்டி ஊமத்தம்பாளையத்துக்கு வந்தது. காப்பித் தோட்டம் ஒன்றில் மூட்டையும் ஆளும் ஏற்றி உழைத்த வண்டி. பச்சை நிறம். யானைக்குட்டி உயரம். ஏறுவதற்கு ஒரு படி, அந்தப் படியில் ஏறுவதற்கு ஒரு கல் என்று ஏற்பாடு தேவைப்பட்டது. உள்ளே வழக்கமான கியர்க் கம்பிக்குப் பக்கத்தில், தலையில் சிவப்புக் குமிழ் வைத்த இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது.

அதை விற்ற பெரியநாயகம் முப்பது வருஷம் அதே வண்டியை மலையில் ஓட்டியவர். நல்ல மனிதர். வாங்க வந்தவர்களின் முகங்களை ஒரு முறை பார்த்ததும் அவருக்கு வண்டியின் மேல் இரக்கம் வந்துவிட்டது. போகும்முன் கூப்பிட்டு நிறுத்தி நாலே நாலு விஷயம் சொன்னார்.

"இந்தச் சிவப்புக் குமிழைச் சும்மா சும்மா போடாதீங்க. வண்டி எங்கயாச்சும் சிக்கிச்சுன்னாத்தான் நாலு சக்கரத்தையும் போடோணும். தண்ணியப் பாத்தா உடனே வண்டிய உட்றாதீங்க. ஒருத்தர் எறங்கி நடந்து பாத்து, அக்கரை ஏறின பொறவுதான் வண்டி எறங்கோணும். எந்தக் கியர்ல மேடு ஏறினீங்களோ, அதே கியர்லதான் எறங்கோணும். கடைசியா ஒண்ணு, ஹேண்ட் பிரேக்குல வண்டி நிக்காது. சரிவுல நிறுத்தினா டிரைவர் சீட்ட உட்டு எறங்கவே கூடாது. கால் பிரேக்குலயே இருக்கோணும். ஞாபகம் இருக்குமா?"

"நாலையும் ஒருத்தன் தலையில ஏத்தினா தாங்காதுங்," என்றார் குப்பணன். நால்வரில் மூத்தவர், ஆகவே முதலில் தவறு செய்கிற உரிமை அவருக்கு. "ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்குவோம்."

பிரித்துக்கொண்டார்கள். சிவப்புக் குமிழ் குப்பணனுக்கு. தண்ணீர் தொட்டியண்ணனுக்கு. ஏறின கியர், பத்தாம் வகுப்பை மூன்று முறை படித்ததால் படித்தவன் என்று பெயரெடுத்த ராக்கியப்பனுக்கு. சரிவில் சீட்டை விடாதிருப்பது, வண்டியோட்டும் ஆறுச்சாமிக்கு. ஒருவன் விதியில் மற்றவன் தலையிடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டார்கள். தலையிடுவதற்குத் தலை வேண்டுமே என்பது பெரியநாயகத்துக்கு மட்டும் தோன்றியது. அவர் வண்டியின் முகப்பை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

காதுகுத்து நாள். காலை ஆறு மணிக்கே சீர்த் தட்டுகள், பித்தளை அண்டா, பழம், தேங்காய், ஒரு பை எலுமிச்சை, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் ஏற்றிப் புறப்பட்டார்கள். வண்டி சிக்கினால் தோண்டி எடுக்கக் கடப்பாரையும் மண்வெட்டியும் இருக்கட்டும் என்று பெரியநாயகமே வண்டிக்குள் போட்டிருந்தார். தாழைக்கொம்பைக்கு நாற்பது கிலோமீட்டர். ஆறுச்சாமி தன் மடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தான், அழுக்காகாமல் இருக்க. குப்பணன் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புக் குமிழைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வந்தார், யாரும் சும்மா போட்டுவிடாமல் இருக்க.

பத்துக் கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலையில் பிழையில்லாமல் போனார்கள். அவ்வளவு நேரம் பிழையில்லாமல் இருந்ததே அவர்களுக்குக் களைப்பாக இருந்திருக்க வேண்டும்.

"நிறுத்து! தண்ணி!" என்று கத்தினான் தொட்டியண்ணன்.

முன்னால் போன தண்ணீர் லாரி ஒன்றின் குழாய் ஒழுகி, சாலையின் நடுவே நீளமாக ஈரக்கோடு போட்டுக்கொண்டே போயிருந்தது. தொட்டியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அக்கரை ஏறுகிறவரை வண்டி நகரக் கூடாது என்பது விதி. வண்டி நின்றது. அவன் ஈரத்தில் நடந்து போனான். வளைவு தாண்டி மறைந்தான். கால் மணி கழித்துப் போன் வந்தது.

"எவ்வளவு ஆழம் தொட்டியண்ணா?" என்று கேட்டான் ஆறுச்சாமி.

"செருப்போட அடி நனையுது."

"அக்கரை ஏறிட்டியா?"

"கரையே கண்ணுக்குத் தெரியல சாமி. பெரிய தண்ணியா இருக்கும்போல."

அவர்களுக்குப் பின்னால் வந்த பேருந்து ஒன்று ஒதுங்கிப் போனது. அதன் நடத்துனர் படியில் தொங்கியபடி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவை அத்தனையும் நியாயமானவை. அந்த ஈரத்தின் மேலேயே பேருந்து தடதடவென்று போனதை மூவரும் அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

"தண்ணி பாக்க ஆள் வெக்காம போறாங்க பாரு. எத்தனை சீவன் உள்ள இருக்குதோ," என்றார் குப்பணன்.

ஏழு கிலோமீட்டர் நடந்தான் தொட்டியண்ணன். லாரி ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் சாலை காய்ந்து கிடந்தது. "ஏறிட்டேன்!" என்று போனில் அவன் கூவியபோது மணி எட்டே முக்கால். மூவரும் வண்டியைக் கிளப்பினார்கள். அதற்குள் வெயில் ஏறி, சாலை முழுவதும் எலும்புபோல் உலர்ந்து கிடந்தது.

"தண்ணிய எங்க காணோம்?" என்று கேட்டான் ஆறுச்சாமி, டீக்கடையில் அவனை ஏற்றிக்கொண்டபோது.

தொட்டியண்ணன் வீங்கிப்போன தன் கால்களைப் பார்த்தான். "நான் நடந்த நடையில வத்திருச்சு," என்றான். அவனுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கும் பிடித்திருந்தது.

தார்ச்சாலை முடிந்து மண்தடம் தொடங்கியது. மூங்கில் புதர்களுக்கு நடுவே இரண்டு மேடு ஏறி இறங்கினால் ஓர் ஓடை. பாறைகளுக்கிடையே தெளிந்த தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியண்ணன் முனகிக்கொண்டே இறங்கி நடந்தான். கணுக்கால் நனைந்தது. முழங்கால் வேடிக்கை பார்த்தது. அக்கரை ஏறிக் கையை அசைத்தான். ஆறுச்சாமி கியரைப் போட்டான்.

"பொறு," என்றான் ராக்கியப்பன். பத்தாம் வகுப்பு அவனுக்குள் விழித்துக்கொண்டது. "தொட்டியண்ணன் நடந்து பாத்தானே, அந்தத் தண்ணி இப்ப எங்க?"

குப்பணன் யோசித்தார். "கீழ போயிருச்சு."

"இப்ப இங்க ஓடுற தண்ணி?"

"மேல இருந்து வந்தது."

"இதுல ஆரு நடந்து பாத்தா?"

ஆறுச்சாமி போட்ட கியரை அவசரமாக எடுத்தான். இன்னும் ஒரு நிமிஷத்தில் யாரும் நடந்து பார்க்காத புத்தம்புதுத் தண்ணீரில் வண்டியை விட்டிருப்பான் அவன்.

தொட்டியண்ணன் திரும்ப இறங்கி நடந்தான். அவன் இக்கரை வந்து சேர்வதற்குள் அந்தத் தண்ணீரும் போய்விட்டது. மறுபடி நடந்தான். அதுவும் போய்விட்டது. பதினோராவது முறை அவன் நடுவிலேயே நின்று, "ஓடுற தண்ணிய நிக்கச் சொல்லுங்க, இல்லீனா என்னைய நிக்க உடுங்க," என்று அழாத குறையாகச் சொன்னான். மணி பத்தேகால். ஆறுச்சாமிக்குத் தன் மடிக்குள் ஏதோ குளிர்ந்து சுருங்குவதுபோல் இருந்தது. மலைக்கு மேலே இந்நேரம் சடையப்பன் குளித்திருப்பான்.

கடைசியில் குப்பணன்தான் வழி சொன்னார். தொட்டியண்ணன் வண்டிக்கு முன்னால், வண்டியைப் பார்த்தபடி, பின்னோக்கி நடக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் வந்துகொண்டிருக்கிற தண்ணீரைப் பார்த்து உடனுக்குடன் சான்று சொல்ல வேண்டும்.

"இந்தத் தண்ணி நல்ல தண்ணி... வா... இதுவும் நல்ல தண்ணி... வா..."

நடுவே பாசிக் கல்லில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். வண்டி நின்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயைப் பார்த்தார்கள்.

"உக்காந்து பாத்தாலும் நல்ல தண்ணிதான்," என்றான் அவன். வண்டி கரையேறியது.

பதினொரு மணிக்குத் தாழைக்கொம்பை கண்ணில் பட்டது. ஊருக்கு முன்னால் ஒரே ஒரு செங்குத்தான சரிவு. நூறடி இருக்கும். அதன் உச்சியில் அக்கா வீடு. வாசலில் வாழை மரம், பந்தல், மேளம். பந்தலுக்கு முன்னால் சடையப்பன் பட்டு வேட்டியில் நின்று, தன் மடியைக் கையால் தட்டித் தூசி துடைத்துக்கொண்டிருந்ததைக்கூட ஆறுச்சாமியால் பார்க்க முடிந்தது.

வண்டியை ஏற்றினான். பாதியில் பின்சக்கரங்கள் சரளைக் கல்லில் சுழன்றன. வண்டி அப்படியே நழுவிக் கீழே வந்து நின்றது. மறுபடி ஏற்றினான். மறுபடி நழுவியது.

"குப்பண்ணா, சிவப்புக் குமிழு!" என்று கெஞ்சினான்.

குப்பணன் கையை எடுக்கவில்லை. "சிக்குனாத்தான் போடோணும்."

"அதான் ஏற மாட்டேங்குதே!"

"ஏற மாட்டேங்குது. சிக்கலையே. வழுக்குது, அவ்வளவுதான். வழுக்கறது வேற, சிக்கறது வேற. ஏம்ப்பா ராக்கியப்பா?"

"வேற வேறதான்," என்று தீர்ப்புச் சொன்னான் ராக்கியப்பன்.

மேலிருந்து அக்கா வீட்டுக்காரர் வையாபுரி வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். "மாப்ள! வண்டிய அங்கயே உட்டுட்டு நடந்து வாங்க! ரெண்டு எட்டுத்தான்!"

ரெண்டு எட்டுத்தான். எந்த நாயும் ஏறி வந்துவிடும். ஆனால் ஆறுச்சாமி பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு சன்னல் வழியாகப் பதில் கத்தினான். "சரிவுங்க மாமா! டிரைவர் எறங்கக் கூடாதுங்!"

"அடியில சமமாத்தானே இருக்குது!"

அது யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. சரிவின் அடி, சரிவைச் சேர்ந்ததா, சமவெளியைச் சேர்ந்ததா? சீர்ப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டியின் தரையில் வைத்தார்கள். அது உருண்டு போனது. சரிவுதான். ஆறுச்சாமியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை நடந்து பார்க்கத் தொட்டியண்ணனுக்குத் தெம்பில்லை.

"அழுவாத," என்றார் குப்பணன். "சிக்குனாத்தான் போடலாம்னா, சிக்க வெச்சுப்புடுவோம். இதென்ன பெரிய காரியம்?"

வண்டிக்குப் பின்னால், சரிவு முடிகிற இடத்தில், மூவரும் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தோண்டத் தொடங்கினார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் இவ்வளவு சுறுசுறுப்பாக எந்த வேலையும் செய்ததில்லை. முழங்காலளவு குழி. மண் காய்ந்திருக்கிறது, இதில் யாரும் சிக்க மாட்டார்கள் என்று ராக்கியப்பன் சொல்ல, சீர் அண்டாவை எடுத்துக்கொண்டு, அடிவாரத்தைச் சுற்றிப் பக்கத்திலேயே ஓடிய அதே ஓடைக்கு ஓடினார்கள். ஏழு நடை தண்ணீர் ஊற்றி, மிதித்துக் குழைத்து, நெல் நடவுக்கு ஏற்ற சேறாக்கினார்கள். மேலே மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பந்தல் கால்களைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அக்கா பாவாத்தாள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடையாளம் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆறுச்சாமி பிரேக்கை விட்டான். வண்டி பின்னால் நகர்ந்து சேற்றில் தொபுக்கென்று இறங்கியது. முடுக்கினான். சக்கரங்கள் சுழன்று, குப்பணனின் முகத்தில் அரை அங்குலம் சேறு பூசின. அவர் அதை வழித்து எறிந்துவிட்டு, நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை மாற்றுகிற குரலில் அறிவித்தார்.

"சிக்கிருச்சு!"

"சிக்கிருச்சு! சிக்கிருச்சு!" என்று மற்ற இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

குப்பணன் ஏறி, சிவப்புக் குமிழை இரண்டு கையாலும் பயபக்தியோடு முன்னுக்குத் தள்ளினார். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. வண்டி ஓர் உறுமல் உறுமி, குழியிலிருந்து எழுந்து, சரளை, கல், வேர் எதையும் பொருட்படுத்தாமல் நேராக ஏறி, பந்தல் வாசலில் மூக்கை நுழைத்து நின்றது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அறிவோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

"வந்துட்டியா! எறங்குடா சீக்கிரம்!" என்று ஓடி வந்தாள் பாவாத்தாள்.

ஆறுச்சாமி இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் இப்போது இருக்கைக்குப் பின்னால் வெகுதூரம் உருண்டு போயிருந்தது.

"சரிவுக்கா."

"என்னடா சரிவு?"

"உங்க ஊரே சரிவுக்கா. எறங்குனா விதி உடைஞ்சுரும்."

"மாப்ள, சக்கரத்துக்கு ஒரு கல்லு போட்டா நிக்காதா?" என்றார் வையாபுரி.

"கல்லுன்னு நாலுல ஒண்ணும் இல்லீங்க மாமா."

பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, இதுக்காடா நீ நேரத்துக்கு வந்தே? சடையப்பா, நீ உக்காரு சாமி. இவனெல்லாம்..."

சடையப்பன் தயாராக விரித்து வைத்திருந்த மணையில் உட்காரப் போனான். இவ்வளவு தூரம் வந்து, இந்த மடி வெறும் மடியாகத் திரும்பிப் போவதா?

"அக்கா!" என்று அலறினான். "மாமன் மடிதானே கேட்டே? மடி இங்கதான் இருக்குது! மடிய எறக்கக் கூடாது, புள்ளைய ஏத்தலாமல்ல?"

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மடி வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நேரமும் போய்க்கொண்டிருந்தது. மகிழினியைத் தூக்கி, ஓட்டுநர் இருக்கையில் ஆறுச்சாமியின் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்தும் பத்தர் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். குப்பணன் முகத்துச் சேற்றைக் கழுவப் போயிருந்தார். அவர் உள்ளங்கையால் பொத்தப்படாமல் சிவப்புக் குமிழ் வெளிச்சத்தைப் பார்த்தது. குழந்தையும் அதைப் பார்த்தது.

இரண்டு வயது மருமகளை மடியில் வைத்திருந்த அந்த நிமிஷம் ஆறுச்சாமியின் மனம் நிறைந்திருந்தது. பத்தர் ஊசியை எடுத்தார். இடது காது. ஒரு குத்து. குழந்தை வீலென்று கத்தியபடி, கைக்கு எட்டிய சிவப்புக் குமிழைப் பிடித்து இழுத்தது. குமிழ் நடுவில் வந்து நின்றது. எந்தச் சக்கரத்துக்கும் எந்தப் பிடிப்பும் இல்லாத நடு. காதில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்த மாமன், குழந்தையைவிட உரக்கக் கத்தி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான்.

வண்டி பின்னால் நகரத் தொடங்கியது.

"என்ற புள்ள! என்ற புள்ள!" என்று பாவாத்தாள் ஓடினாள். பந்தல் ஓடியது. மேளம் ஓடியது. மணையைக் கையில் பிடித்தபடி சடையப்பனும் ஓடினான். பத்தர் ஊசியை யார் மேலும் பட்டுவிடாமல் உயரப் பிடித்துக்கொண்டு, குலதெய்வங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே கீழே போனார். வண்டி நூறடியும் நேராக இறங்கி, அவர்களே தோண்டி அவர்களே குழைத்த சேற்றில் மெத்தென்று போய் உட்கார்ந்தது.

எல்லாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, ஒற்றைக் காதில் கம்பியோடு மகிழினி மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, மறுக்கா!" என்றாள்.

மாமா. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஆறுச்சாமி சந்தோஷத்தில் இன்னும் ஒரு முறை கத்தத் தயாரானான். அதற்குள் சடையப்பன் குழியோரத்தில் மணையைப் போட்டுவிட்டான்.

"நேரம் பன்னண்டு இருவது. மிச்சக் காதை என்ற மடியில வெச்சுக் குத்திப்புடலாம். புள்ளையக் குடு ஆறுச்சாமி."

"ஒரு காது என்ற மடியில குத்துனது. இன்னொண்ணும் என்ற மடியிலதான்."

"இப்பத்தான் வண்டி சமமா நிக்குதே? எறங்க வேண்டியதுதானே?"

ராக்கியப்பன் எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தான். உருளவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பழத்தையே பார்த்தார்கள். ஆறுச்சாமியின் முகம் வெளுத்தது. சமம்தான். எழுந்தால் மடி போய்விடும்.

தொட்டியண்ணன் சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு சொன்னான். "சமத்துல எறங்கலாம். எறங்கியே தீரோணும்னு ஆரு சொன்னா?"

அன்றைக்கு அவர்கள் பேசியதில் பிழையில்லாத ஒரே வாக்கியம் அதுதான். அவனை அறியாமல் வந்துவிட்டது. பாவாத்தாள் தம்பியை ஒரு கணம் பார்த்தாள். தலையில் சன்னல் வழியே தெறித்த சேறு, கண்ணில் நீர், மடியில் குழந்தை. "குத்துங்க பத்தரே," என்றாள். பத்தர் சேற்றில் இறங்கிச் சுற்றி வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, மிச்சக் காதையும் குத்தினார். மணி பன்னிரண்டு இருபத்தாறு. சடையப்பன் தன் அகலமான வெற்று மடியோடு மணையில் உட்கார்ந்திருந்தான்.

வண்டி சிக்கியிருந்ததால் இந்த முறை யாரும் விவாதிக்கவில்லை. குமிழைப் போட்டு, குழந்தை கைதட்ட, ஊரே பின்னால் வர, மறுபடி மேலே ஏறி, பந்தல் வாசலில் நிறுத்தினார்கள். ஆறுச்சாமிக்கு விருந்து வண்டிக்குள்ளேயே வந்தது. மாமன் மடியிலேயே இலை போட்டுச் சாப்பிட்டான். மூத்த மருமகளும் படியேறி வந்து எட்டிப் பார்த்து, "இதுவும் மாமாவா?" என்று கேட்டாள். அவன் வாழ்நாளில் அதுவரை சாப்பிட்டதிலேயே ருசியான சாப்பாடு அது.

பாயசம் முடிந்து கை கழுவியதும் குப்பணன், "கெளம்பலாமா?" என்றார்.

"எப்படிக் கெளம்பறது?" என்றான் ராக்கியப்பன். காலையிலிருந்து அவன் விதிக்கு வேலையே வரவில்லை. அந்தக் குறை அவனை அரித்துக்கொண்டிருந்தது. "காலம்பற ஏறுனோம். எந்தக் கியர்லயுமில்லாம எறங்கிட்டோம். அது எறக்கமே இல்ல, செல்லாது. இப்ப ஏறி நிக்கறது குமிழ் போட்டு. எறங்கறதும் குமிழ் போட்டுத்தான் எறங்கோணும்."

"அப்ப குமிழப் போடு."

குப்பணனின் உள்ளங்கை பாய்ந்து போய்க் குமிழைப் பொத்தியது. "சிக்குனாத்தான் போடோணும்."

வேறு வழி இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பாவாத்தாளுக்கு வாசலில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தாள். பந்தலுக்கு நடுவே, அவள் போட்ட மாக்கோலத்தின் மேல், மூன்று பேர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி மட்டும் பிரேக்கில் காலை ஊன்றி, இருக்கையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான்.

"டேய்! என்னடா பண்றீங்க?"

"ஊருக்குக் கெளம்பிட்டோம்க்கா," என்றான் ஆறுச்சாமி. "வெயில்ல நிக்காத, நீ உள்ள போ. போறதுக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடு."

எது எப்படியானாலும் கூடப் பிறந்தவன். அவள் உள்ளே போய், வழியில் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வந்து நீட்டினாள்.

ஆறுச்சாமி பாட்டிலை வாங்கி, குழியை ஒரு முறை எட்டிப் பார்த்தான்.

"இது பத்தாதுக்கா," என்றான். "பத்துக் குடம் வேணும்."